‘என்ன பாட்டுப் பிடிக்கும்?’ என்பது அரைக் கேள்வி

அவையிலுள்ள பெரியோர்களே, சனசமூக நிலையங்களிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

ஒருவருக்குப் புதிய இசையொன்றைக் காட்ட விரும்பினால் நாங்கள் முதலில் என்ன கேட்கிறோம்? “உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?” அவர் “பழைய பாட்டு” என்பார். இன்னொருவர் “மெலடி” என்பார். மூன்றாமவர் “எல்லாம் கேட்பன்” என்பார். இந்த மூன்று பதிலையும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டைக்கூடத் தெரிவு செய்ய முடியாது. பழைய பாட்டு என்றவர் அதைக் குரலுக்காகக் கேட்கிறாரா, மெட்டுக்காகவா, தாளத்துக்காகவா, சொல்லுக்காகவா, அந்தக் காலத்து நினைவுக்காகவா? ஒரே பாட்டை ஐந்து பேர் ஐந்து காரணத்துக்காக விரும்பலாம். அந்த ஐந்து பேருக்கும் கொடுக்க வேண்டிய அடுத்த பாட்டு வேறு வேறு.

ஆகவே வகையைக் கேளாதீர்கள், பிடியைக் கேளுங்கள். அவரைப் பிடித்து வைத்திருப்பது எது என்று கண்டுகொண்டால், அதை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றில் ஒன்றை மட்டும் மாற்றலாம். சேற்று வயலில் நடக்கிறவர் ஊன்றிய கால் நிலைக்காமல் மற்றக் காலை எடுப்பதில்லை. மொழியும் புதிது, வாத்தியமும் புதிது, தாளமும் புதிது என்று ஒரேயடியாகக் கொடுத்தால் ஆள் விழுந்துவிடுவார். “உந்தப் பாட்டு எனக்குச் சரிவராது” என்று அந்த நாட்டின் இசை முழுவதையுமே மூடிவிடுவார்.

பிடியைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் காணும். அவர் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று பாட்டுகளைப் போடச் சொல்லுங்கள். அவர் வாயைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். எந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டுகிறார்? எந்த இடத்தில் தொடையில் தாளம் விழுகிறது? சொற்களை முணுமுணுக்கிறாரா, அல்லது இடையில் வரும் நாதஸ்வரத்தையா, வயலினையா? “இதிலே ஒரே ஒரு இடத்தை மட்டும் திரும்பக் கேட்கலாமென்றால் எதைக் கேட்பீர்கள்?” என்று கேளுங்கள். அந்த இடத்தில் அவருடைய பிடி இருக்கிறது.

கோயில் திருவிழாவில் மேளச்சமா முடியும்வரை தவிலுக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருக்கிற ஒருவரை எடுங்கள். ஒட்டுசுட்டானிலும் புளியம்பொக்கணையிலும் இப்படிப்பட்டவர்களைக் காணலாம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவைப் பொன்போலக் காப்பவர்கள். இவருக்குத் தாளம் பிடிக்கும் என்று நினைத்து ரொக் இசையின் டிரம் தனியைக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. அதில் வேகம் உண்டு, சத்தம் உண்டு. இவர் தேடும் கணக்கு பெரும்பாலும் இராது. தீர்மானம் என்ற முடிப்புச் சொற்கட்டு மூன்று தரம் வந்து, தாளத்தின் முதல் அடியான சமத்தில் விழும் அந்த இடத்துக்காகத்தான் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

அவரை மிருதங்கமும் கடமும் சேர்ந்த தனியாவர்த்தனத்துக்குக் கூட்டிப்போவது இலகு. அடுத்தது தபேலாத் தனி. அங்கே தீர்மானத்துக்குத் திஹாய் என்று பெயர். அதுவும் ஒரு சொற்கட்டு மூன்று தரம் வந்து சமத்தில் இறங்குவதுதான். தீன்தாலுக்குப் பதினாறு மாத்திரை. ஆதிதாளம் போடத் தெரிந்த கை, அதன் எட்டெட்டான இரண்டு ஆவர்த்தனத்தை ஒன்றாக எண்ணிக்கொண்டால் சரி. தபேலாத் தனியில் சாரங்கியோ ஆர்மோனியமோ ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். புதியவர் அதைக் கேட்டு “ஏன் உவர் ஒன்றையே வாசிக்கிறார்?” என்று சலித்துக்கொள்வார். அந்த மெட்டு சமம் எங்கே என்று காட்டும் கைகாட்டி என்பதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், சலிப்புப் போய்விடும்.

அதற்குப் பிறகு ‘சக்தி’ குழு. முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. ஜோன் மக்லௌக்லின் கிற்றார், எல். சங்கர் வயலின், சாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். கடமும் கணக்கும் நம் ஆளுக்குத் தெரிந்தவை, கிற்றார் மட்டும் புதிது. அங்கிருந்து ஜாஸுக்கு ஒரு எட்டுத்தான். சக்சபோன்காரர் நான்கு தாளக்கட்டு வாசிக்க, டிரம்காரர் நான்கு வாசித்துப் பதில் சொல்வது ஜாஸில் வழமை. இரண்டு தவிற்காரர் மாறி மாறிக் கொடுத்து வாங்குவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதலிலேயே ஜாஸைக் கொடுத்திருந்தால் இதே ஆள் இரண்டு நிமிடத்தில் எழும்பிப் போயிருப்பார்.

ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ரசாபுவில் மயங்குகிறவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. மசிடோனிய நாட்டின் லெஸ்னோட்டோ ஆட்டம் மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழு எண்ணிக்கை. ‘தகிட தகதிமி’ அதற்கு மேல் அச்சாகப் பொருந்தும். பல்கேரியாவின் ரச்செனிட்சாவும் ஏழுதான், ஆனால் இரண்டு, இரண்டு, மூன்று. ‘தகதிமி தகிட’ என்று திருப்பிப் போட வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் எண்ணிக்கை தவறி, தவறியது தன் பிழை என்று நினைத்துக் கோபம் கொள்வார்.

காத்தவராயன் கூத்துக் கேட்டு விடிய விடிய இருந்தவர்களுக்குச் சூபிகளின் பக்திப் பாட்டான கவ்வாலியைக் கொடுங்கள். ஆர்மோனியம் அங்கேயும் உண்டு. முன்பாட்டுக்காரர் ஒரு அடியை எடுப்பார், பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கிக் கைதட்டிப் பாடுவார்கள், அடுத்த தரம் அதே அடி சற்று நெளிந்து, சற்று விரைந்து வரும். நுஸ்ரத் பதே அலிகானின் கச்சேரிப் பதிவுகளில் ஒரு பாட்டே கால்மணி, இருபது நிமிடம் போகும். சினிமாப் பாட்டுக் காதுக்கு அது நீளம். கூத்துக் காதுக்கு அது ஒரு காட்சிகூட இல்லை. ஆளைப் பொறுத்துத்தான் நீளம். உடுக்கின் இடைக்கயிற்றை அமுக்கும்போது எழும் அந்தக் குழைவில் நெஞ்சைக் கொடுத்தவருக்கு நைஜீரியாவின் ஜூஜூ இசை. அங்கே ‘பேசும் மேளம்’ என்று ஒன்று உண்டு. அதுவும் இடை சிறுத்த மேளம், அதுவும் கயிற்றை அமுக்கித்தான் சுரம் ஏற்றி இறக்குகிறார்கள். கிங் சன்னி அடேயின் 1982ஆம் ஆண்டு ‘ஜூஜூ மியூசிக்’ இசைத்தட்டில் அதைத் தெளிவாகக் கேட்கலாம்.

அரிவி வெட்டுப் பாட்டு, அறுவடை மெசின் வந்த பிறகு வயலில் கேட்பது அரிது. அதை நினைவில் வைத்திருக்கும் ஐயாமாருக்கு நாட்டார் பாடல்களைத் தேடிப் பதிந்த அலன் லோமக்ஸ் 1947இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பாச்மன் சிறைப்பண்ணையில் பதிந்த வேலைப்பாட்டுகளைப் போட்டுக் காட்டுங்கள். கோடரி விழும் இடமே தாளம். சொல் விளங்காது, உடம்பு விளங்கிக்கொள்ளும்.

இனி ஒப்பாரி. இங்கே நின்று நிதானிக்க வேண்டும். ஒப்பாரியை விரும்பிக் கேட்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒருவரைப் பிடித்திருப்பது கதை. வன்னியில் அரியாத்தை பேரில் வழங்கும் ஒப்பாரியை, ஒரு பெண்ணின் துணிவுக்காகவும் அவளுக்கு நேர்ந்ததற்காகவும் கேட்கிறவர் அவர். அவருக்குத் தேவை கதைப்பாட்டு. மொழி விளங்காத பாட்டைக் கொடுத்துப் பயனில்லை. மற்றவரைப் பிடித்திருப்பது குரல் உடையும் அந்த இழுவை. அவருக்கு மொழி ஒரு தடையே அல்ல. போர்த்துக்கல்லின் துயரப் பாட்டான ஃபாடோவைக் கொடுக்கலாம். அமாலியா றொட்ரிக்ஸின் பாட்டுகள் பல மூன்று நிமிட அளவுதான், ஒரு குரலும் இரண்டு கிற்றாருமே போதும். கேப் வேர்ட் தீவுகளின் செசாரியா எவோராவின் குரலும் இதே வாசலால் உள்ளே வரும், ஆனால் அது ஆறிய துயரம்.

மடுவுக்கும் மன்னாருக்கும் போய்வருகிற, தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைப் பாடும் பசான் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னும் அருகான வழி உண்டு. வியாகுல மாதா சிலுவையடியில் நின்று அழுத ‘ஸ்டாபாட் மாட்டர்’ பாடலுக்கு இத்தாலியரான பெர்கோலேசி 1736இல் இசையமைத்தார். இருபத்தாறு வயதில், அதே ஆண்டில், காலமானார். முழுவதும் ஏறத்தாழ நாற்பது நிமிடம். முதற்பகுதியை மட்டும் கொடுங்கள். இரண்டு பெண்குரல்கள் ஒன்றோடொன்று உராய்ந்து உராய்ந்து விலகும். மேற்கத்தேய சாஸ்திரிய இசை என்று பெயர் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். “இது மாதாவின் ஒப்பாரி” என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும்.

ஆனால் ஒன்று. இழப்பு இல்லாத வீடு இந்த மண்ணில் குறைவு. இப்படியான இசையை யாருக்கும் கேளாமல் அனுப்பக்கூடாது. போரில் இழந்தவர்களை நினைவுகூரும் மே மாதத்தில் அனுப்பவே கூடாது. “இது அழுகைப் பாட்டு, இப்போது கேட்கலாமா?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இதைச் செய்யாமல் விட்டு ஒரு மனிதரை இரவு முழுதும் நித்திரையில்லாமல் ஆக்குவதற்கு எங்களுக்கு உரிமையில்லை.

மெட்டில் பிடி உள்ளவர்களுக்குச் சுரவழி உதவும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து சுர இராகமான சுத்த தன்யாசியில் அமைந்த பாட்டை விரும்புகிறவருக்கு மாலி நாட்டின் அலி பர்கா தூரேயின் கிற்றார் அந்நியமாக இராது. புளூஸ் இசைக்கும் அடித்தளம் ஏறத்தாழ அதே ஐந்து சுரம். கரகரப்பிரியா இராகம் கேட்டவர், ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட ‘கைன்ட் ஒஃப் புளூ’ இசைத்தட்டின் முதற்பாட்டில் அதே சுரவரிசையைக் காண்பார். சுரவரிசை ஒன்று என்பதற்காக இராகம் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் இல்லாததைக் கேட்டு, இராகம் தெரிந்தவர் உங்களைத் திருத்துவார். அவர் திருத்துவது சரிதான்.

தம்பிமார் றப் கேட்கிறீர்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் பாதையும் இதே பாதைதான். உங்களைப் பிடித்திருப்பது சொல் தாளத்தில் உட்காரும் விதம் என்றால், அடுத்தது கொன்னக்கோல்; வாயால் சொல்லும் சொற்கட்டு, வேறு எந்த வாத்தியமும் வேண்டாம். அதற்கடுத்தது முல்லைத்தீவின் கோவலன் கூத்தில் வரும் தாளக்கட்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, “முதலில் நமது பாரம்பரியத்தைக் கேள்” என்று புத்தி சொல்லத் தொடங்கினால் பிள்ளை இயர்போனைக் கழற்றமாட்டான்.

கொடுக்கும் முறைக்கு வருகிறேன். வட்ஸ்அப்பில் நாற்பது இணைப்பு அனுப்புவது சிபாரிசு அல்ல, சுமை. ஒரு கிழமைக்கு மூன்று பாட்டு. முதலாவது மிக அருகிலுள்ளது, இரண்டாவதில் ஒன்று மாறியது, மூன்றாவது சற்றுத் தூரம். ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீளமானதென்றால் “ஒன்பதாவது நிமிடத்திலிருந்து கேளுங்கள்” என்று இடத்தைக் குறித்து அனுப்புங்கள். டேற்றா செலவு பார்க்கிற வீட்டுக்கு ஒலிக்கோப்பாகக் கொடுங்கள்: செக்கனுக்கு 128 கிலோபிற் தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைற்தான், காணொளிக்கு அதைவிடப் பல மடங்கு போகும். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் ஜமேக்காவின் றெகே இசையைக் கேட்கக் கொடுக்காதீர்கள். பேஸ் கிற்றாரின் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது, அது அந்தக் கருவியில் வெளியே வராது; பேஸ் போனால் றெகே வெறும் எலும்பு. தவிலின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்துக்கும் இதே கதிதான். பழைய இரைச்சலான பதிவையும் முதல் நாள் கொடுக்க வேண்டாம்.

முதல் தரம் கேட்டதும் தீர்ப்புக் கேட்காதீர்கள். வேறு வேறு நாளில் மூன்று தரம் கேட்கட்டும். பழகப் பழகப் பிடிப்பு வளர்வதை உளவியலாளர்கள் 1960களிலிருந்தே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். முதற்கேட்பிலேயே அருவருத்தவரை வற்புறுத்தினால் அது வளராது. “பிடிக்கவில்லை” என்றால் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேளுங்கள். பத்துச் செக்கனில் நிறுத்தினால் பெரும்பாலும் வாத்தியத்தின் ஒலியோ பதிவின் தரமோ காரணம். குரல் தொடங்கியதும் நிறுத்தினால் குரல். அதே இசையில் வேறு பாடகரைக் கொடுங்கள். இரண்டாம் நிமிடம்வரை இருந்துவிட்டு நிறுத்தினால், மாற்றம் ஒன்றும் வராமல் சலித்திருக்கிறார். அடுத்த மூன்று பாட்டுகளைத் தெரிவு செய்ய இந்த ஒரு பதில் போதும்.

யூரியூப்பும் ஸ்பொட்டிபையும் தாமே சிபாரிசு செய்கின்றனவே என்று கேட்பீர்கள். இதைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று எண்ணுவதுதான் அவற்றின் முக்கிய வேலை. எங்கள் வீடுகளில் அது பிழைப்பதற்குக் காரணம் வெளிப்படை. ஒரே கைபேசியில் அம்மம்மாவின் தேவாரம், சின்னவனின் கார்ட்டூன் பாட்டு, அண்ணனின் றப். இயந்திரத்துக்கு இவர்கள் மூவரும் ஒரே ஆள். ஆளுக்கொரு கணக்கு வைக்க முடியாவிட்டால், பிள்ளைக்குக் கொடுக்கும்போது பார்வை வரலாற்றை நிறுத்தி வையுங்கள். வேண்டாத பாட்டுக்கு ‘ஆர்வமில்லை’ என்பதை அழுத்துங்கள். இன்னொரு குறை: தமிழில் இருப்பதெல்லாம் அதற்கு ஒரே கூடை போலத்தான், கூத்தையும் குத்துப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்.

எங்கள் கூத்துப் பதிவுகள் அதன் கண்ணில் படாததற்குக் கேட்பவர் குறைவு என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி, நாங்கள் ‘திருவிழா இரவு நிகழ்ச்சி, பாகம் 3’ என்று பெயர் வைத்து ஏற்றுவது. இதை யார், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்? கூத்தின் பெயர், பாணி, ஊர், ஆண்டு, கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் பெயர் அவர் சம்மதத்தோடு, வாத்தியங்கள், எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டு: இவ்வளவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கீழே எழுதுங்கள். முழு இரவையும் ஒரே கோப்பாக ஏற்றியிருந்தால், அதிலிருந்து நல்ல ஐந்து நிமிடத்தை வெட்டித் தனியாகவும் ஏற்றுங்கள். லாகூரிலோ லாகோஸிலோ இருக்கிற ஒரு கேட்பவருக்கு, யாரோ ஒருவர் கொடுக்கும் முதற்பாட்டு அந்த ஐந்து நிமிடமாக இருக்கலாம்.