ப்ளூ மன்டேல சின்த் நழுவுது, ஆனா என் ஆடியோல கோளாறு இல்ல

வணக்கம் மக்களே. இன்னைக்குப் போட வேண்டியது வேற வீடியோ. ஆனா போன வாரம் போட்ட டிஎம்எக்ஸ் டிரம் மெஷின் வீடியோவுக்குக் கீழ ஒரே புகார் திரும்பத் திரும்ப வருது. "ப்ளூ மன்டே கிளிப்ல சின்த் தாளத்தோட ஒட்டல, சிங்க் சரி பண்ணுங்க"ன்னு. சின்த்னா சின்தசைசர், எலக்ட்ரானிக் கீபோர்டு. சிங்க்னா ரெண்டும் நேரம் ஒத்து ஓடுறது. ஒருத்தர் அவரே அந்த மெலடியை கிரிட்ல, அதாவது ஸ்கிரீன்ல இருக்கிற தாளக் கட்டத்துல, இழுத்து நேராக்கி லிங்க்கும் போட்டிருக்கார். கேட்டேன். எனக்குச் சுத்தமா பிடிக்கல. இஸ்திரி போட்ட மாதிரி தட்டையா கிடக்கு.

என் சிங்க் சரியாத்தான் இருக்கு. அந்த ரெக்கார்டே அப்படித்தான். பேண்ட் நியூ ஆர்டர், ஊர் மான்செஸ்டர், கம்பெனி ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ், வந்தது 1983 மார்ச் 7. அன்னைக்கு வெளிவந்தப்போ இருந்தே சின்த் மெலடி தாளத்தை விட்டு லேசா விலகித்தான் ஓடுது.

ஏன்னு சொல்றேன். பேண்டோட பாடகர் பெர்னார்ட் சம்னர் கிட்ட பவர்ட்ரான்னு ஒரு சீக்வென்சர், அதாவது போட்டு வச்ச நோட்டுகளை வரிசையா சின்த்தை வாசிக்க வைக்கிற பெட்டி, இருந்துச்சு. கடையில ரெடியா வாங்கினது இல்ல, கிட்டா வாங்கி அவரே சால்டர் வச்சு சேர்த்தது. அதுல கீபோர்டை வாசிச்சுப் பதிய முடியாது. ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியா, வரிசையா உள்ள போடணும். அந்த வேலை பேண்டோட கீபோர்டு கலைஞர் கில்லியன் கில்பர்ட்டுக்கு. முழுப் பாட்டையும் ஏ4 தாள்ல எழுதி, தாளோட தாள் டேப் போட்டு ஒட்டி, ஸ்டுடியோ நீளத்துக்கு விரிச்சிருக்காங்க. ஸ்வெட்டர் பின்றதுக்கு வச்சிருப்பாங்களே பேட்டர்ன், அந்த மாதிரி இருந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதைப் பார்த்துப் போடுறப்போ ஒரே ஒரு நோட் விட்டுப்போச்சு.

ஒரு நோட் விட்டா அந்த இடத்துல மட்டும்தானே காலியா இருக்கணும்னு தோணும். இல்ல. இந்த மாதிரி சீக்வென்சருக்கு நேரம் தெரியாது, வரிசை மட்டும்தான் தெரியும். ரேஷன் க்யூல நடுவுல ஒருத்தர் விலகினா பின்னாடி நிக்கிற அத்தனை பேரும் ஒரு அடி முன்னாடி வந்துடுவாங்க இல்ல, அதேதான். பாட்டு சுமார் 130 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 130 பீட். ஒரு பீட் 461 மில்லிசெகண்ட், அதுல கால் பங்கான பதினாறாம் நோட் ஒன்னு 115 மில்லிசெகண்ட். விட்டது அந்த அளவு ஸ்டெப்னு வச்சுக்கிட்டா, மெலடி அவ்வளவு முன்னாடி தள்ளிப் போயிடும். காதுக்குத் தெளிவா கேக்குற தூரம் அது. கிக், அதாவது பெரிய டிரம்மோட அடி, தரையில இருக்கு, சின்த் அதைத் துரத்துற மாதிரி இருக்கு. ஆட வைக்கிறதே அதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

இது பதிவானது 1982 கடைசியில, லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோல. மின்னணு இசைக் கருவிகளை ஒன்னோட ஒன்னு பேச வைக்கிற மிடி அப்போ புழக்கத்துக்கே வரல. ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ், பவர்ட்ரான், அது ஓட்டுற மூக் சோர்ஸ் சின்த், இதெல்லாம் வேற வேற ஆள் செஞ்ச பெட்டி. இதுங்களை ஒரே கடிகாரத்துல ஓட வைக்கத் தனியா சர்க்யூட் கட்ட வேண்டியிருந்துச்சு.

அய்யோ, டிரம்ஸ் கதையை விட்டுட்டேன். டிரம்மர் ஸ்டீபன் மோரிஸ் டிஎம்எக்ஸ்ல பேட்டர்ன் எல்லாம் கச்சிதமா போட்டு முடிச்சப்புறம், கால் பட்டு வயர் பிடுங்கி மொத்தமும் அழிஞ்சுபோச்சு. இது பேண்டோட பேஸ் கிட்டாரிஸ்ட் பீட்டர் ஹூக் சொல்றது. மறுபடி உட்கார்ந்து போட்டதுதான் நாம கேக்குறது. முதல்ல போட்டதுதான் இன்னும் நல்லா இருந்துச்சுன்னு ஹூக்குக்கு இன்னைக்கும் ஆதங்கம்.

எங்கிருந்து எதை எடுத்தாங்கன்றதை சம்னர் ஒளிக்கவே இல்ல. பீட் டோனா சம்மரோட 'அவர் லவ்'. பேஸ்லைன் டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டர்கிட்ட இருந்து. பாட்டோட அமைப்பு க்ளைன் அண்ட் எம்பிஓவோட 'டர்ட்டி டாக்'. அந்தக் கோரஸ் குரல் இருக்கே, அது கிராஃப்ட்வெர்க்கோட 'யுரேனியம்', 1975. அதை எமுலேட்டர்ங்கிற கீபோர்டுல சாம்பிள் பண்ணிட்டாங்க, அதாவது அந்தச் சத்தத்தையே பதிஞ்சு வாசிச்சிருக்காங்க. சும்மா ரெண்டு விநாடி அளவுதான் பிடிக்கும், 5.25 இஞ்ச் ஃப்ளாப்பில சேமிக்கும். ஃப்ளாப்பியை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏன்னா கவர். டிசைனர் பீட்டர் சாவில் அந்த ஃப்ளாப்பியைப் பார்த்துட்டு ரெக்கார்ட் உறையையே அந்த உருவத்துல செஞ்சுட்டார். கறுப்பு அட்டையில ஃப்ளாப்பில இருக்கிற மாதிரியே ஓட்டைகள் வெட்டி, அது வழியா உள்ள இருக்கிற வெள்ளி நிற உறை தெரியும். பேண்ட் பேர் இல்ல, பாட்டுப் பேர் இல்ல. ஓரத்துல கலர் கட்டங்கள் மட்டும். அதைப் படிச்சா ஃபேக் 73 (ஃபேக்டரியோட வரிசை எண்), ப்ளூ மன்டே, தி பீச் (ரெக்கார்டோட மறுபக்கப் பாட்டு), நியூ ஆர்டர்னு வரும். படிக்கிற சாவி எங்க? ரெண்டு மாசம் கழிச்சு வந்த ஆல்பத்தோட பின்னட்டையில! எனக்கு ரொம்பப் பிடிச்ச அடாவடி இது.

இப்போ காசு. அட்டையில ஓட்டை வெட்டுறது தனி வேலை, தனி செலவு. அதனால ஒவ்வொரு பிரதி விக்கிறப்பவும் 5 பென்ஸ் நஷ்டம்னு ஃபேக்டரியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான டோனி வில்சன் சொன்னார். ஹூக் கேட்டா 10 பென்ஸ்ங்கிறார். சாவில் சொல்றது என்னன்னா, இது இவ்வளவு விக்கும்னே யாரும் நினைக்கல, அதனால செலவை யாரும் கணக்குப் பார்க்கல. சரி, கணக்குப் போடுங்க. 5 பென்ஸ்னா ஒரு லட்சம் பிரதிக்கு 5,000 பவுண்ட். 10 பென்ஸ்னா 10,000. பிரிட்டன்ல இன்னைக்கு வரைக்கும் அதிகமா வித்த 12 இஞ்ச் சிங்கிள் இதுதான்! அப்புறம் ஓட்டை இல்லாத அட்டைக்கு மாறிட்டாங்க. பழைய பிரதி வாங்குறவங்க முதல்ல அந்த ஓட்டையைத்தான் பாருங்க.

சார்ட்ல முதல்ல 12 வரைக்கும் போச்சு, இறங்குச்சு, அதே வருஷம் அக்டோபர்ல திரும்பி வந்து 9. பிரிட்டன் ரெக்கார்ட் கம்பெனிகளோட பிபிஐ சங்கத்துல ஃபேக்டரி சேராததால அப்போ கோல்ட் டிஸ்க்கும் கிடைக்கல. 1988 ரீமிக்ஸ் 3-வது இடம் வரைக்கும் போச்சு. போகட்டும், அது எனக்கு வேண்டாம்.

எடிட் வெர்ஷன் நான் போட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். 7 நிமிஷம் 29 விநாடி முழுசா ஹெட்போன்ல போடுங்க. பாட்டு வாயைத் திறக்கவே 2 நிமிஷம் ஆகும், தள்ளிவிடாதீங்க. காலால கிக்கைத் தட்டிட்டே, விரலால சின்த் மெலடியைத் தட்டுங்க. ரெண்டும் சேர்ந்து விழாது. அந்த இடைவெளிதான் கில்பர்ட் தாள்ல இருந்து விட்டுப்போன நோட்.