தள்ளிக்கொண்டு போகும் எஞ்சின்

நேயர்களுக்கு வணக்கம். நம் குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல்தான், அதுவும் திருவனந்தபுரத்திலிருந்து, நேராக அகலப்பாதையாக. திருநெல்வேலியோடு இணைப்பு கிடைக்க 1981 ஆயிற்று. செங்கோட்டை மலைக்குள் 1904-லேயே புகைவண்டி ஓடியிருக்கிறது. நாகர்கோவில்காரர்களோ முக்கால் நூற்றாண்டு கழித்தும் ரயில் பிடிக்க பஸ் ஏறினார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள பழைய மீட்டர் கேஜ் காலத்தைச் சொந்த ஊரில் பார்க்காத ஏக்கமோ என்னவோ, லீவு விட்டால் ஊட்டி மலை ரயிலுக்குக் கிளம்புகிறவர்கள் நம்மிடையே நிறைய.

போங்கள், நல்லது. ஆனால் ஜன்னல் வழியே மலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-இல் ஓடியது, ஊட்டியை 1908-இல் தொட்டது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு தாண்டியதும் ஏறக்குறைய 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற செங்குத்து. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரத்தைச் சுழற்றும். அங்கே வேலை முடித்த நீராவியே அடுத்த இரண்டுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரு சொட்டும் வீணாக்காத புத்தி!

இன்னொன்று, எஞ்சின் இருப்பது பின்னால். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறும். அப்படியானால் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை எப்படித் தெரியும்? ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கும் ஆளான ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முன்பெட்டிக்காரர் கொடி காட்ட, மற்றவர்கள் அதைக் கைமாற்றிப் பின்னால் சேர்ப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த ரயிலில் பார்க்க வேண்டிய முதல் காட்சி அதுதான்.

மலையேற ஐந்து மணி நேரம் பக்கம் ஆகும். நடுவில் தண்ணீர் பிடிக்க நிற்கும். அவசரக்காரர்கள் பஸ்ஸில் போகட்டும்.

அந்தப் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. கடையில் உதிரிபாகம் கிடைக்குமா? திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகை எஞ்சினைப் புதிதாகவே செய்து கொடுத்தார்கள். ஸ்டேஷன் வாசலில் பெயிண்ட் அடித்து நிறுத்தும் எஞ்சின் போட்டோவுக்கு ஆகும். ஓடுகிற எஞ்சின்தான் பாய்லர் வேலை தெரிந்த அடுத்த ஆளை உருவாக்கும்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான். விடுமுறை நாட்களில் அந்தப் பாதையில் ஒரு நீராவி ரயிலை வழக்கமாக விட்டால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. மலையும் இல்லை, பல்சக்கரமும் வேண்டாம். சரி, ஆசைப்பட்டால் போதுமா? தண்ணீர் நிரப்ப ஏற்பாடு, எஞ்சினைத் திருப்ப இடம், மற்ற ரயில்களுக்கு நடுவே ஒரு நேரம், நெருப்பைப் பார்த்தே நீராவி அழுத்தம் சொல்லக்கூடிய நாலு பேர். முதல் மூன்றையும் பணம் போட்டு வாங்கிவிடலாம். அந்த நாலு பேரைத் தேடும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.