நாலு கேமரா, எந்த லென்ஸோட? சோனி ஏ6700, கேனான் ஆர்7, ஃபூஜி எக்ஸ்-எஸ்20, நிக்கான் இசட்50 டூ

[திரையில்: மேசையில் நாலு கேமரா பாடி. எல்லாத்துக்கும் மூடி போட்டிருக்கு. லென்ஸ் ஒண்ணுகூட இல்லை.]

வணக்கம். மேசையில இருக்கிற நாலும் கிராப் சென்சார் மிரர்லெஸ் கேமரா. அதாவது உள்ள கண்ணாடி கிடையாது, சென்சாரும் ஃபுல் ஃபிரேம்னு சொல்ற 35 எம்எம் ஃபிலிம் அளவை விடச் சின்னது. சோனி ஏ6700, கேனான் ஆர்7, ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்20, நிக்கான் இசட்50 டூ. போட்டோவும் எடுக்கணும், வீடியோவும் எடுக்கணும், ஃபுல் ஃபிரேமுக்குப் போக பட்ஜெட் இடம் கொடுக்கலைன்னா, தேடித் தேடி கடைசியில வந்து நிக்கிறது பெரும்பாலும் இந்த நாலுக்கு நடுவுலதான்.

"இதுல எது பெஸ்ட்?"னு கேட்டா என்கிட்ட பதில் கிடையாது. எந்த லென்ஸை மாட்டி, எதை எடுக்கப் போறீங்கன்னு சொல்லுங்க. அப்போ பதில் இருக்கு. பாடியை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கிற ஒப்பீடு நெட்ல கொட்டிக் கிடக்கு. நாம இன்னைக்கு லென்ஸ் மாட்டின கேமராவைப் பாக்கப் போறோம்.

மெகாபிக்சலை முதல்லயே முடிச்சிடுவோம். நிக்கான் 20.9, சோனியும் ஃபூஜியும் 26, கேனான் 32.5. ஒரு 4கே வீடியோ ஃபிரேம்ல இருக்கிறதே 8.3 மெகாபிக்சல்தான். ஏ4 சைஸ்ல நல்லா ஒரு பிரிண்ட் போட 9 இருந்தா போதும். தூரத்துல இருக்கிறதை வெட்டி எடுத்துப் பெருசாக்கும்போதுதான் மிச்ச பிக்சலுக்கு வேலை. அதனால பறவை எடுக்கிறவங்களுக்கு மட்டும் அந்த 32.5 நிஜமான லாபம். மத்தவங்க இந்த எண்ணைப் பாத்து முடிவெடுக்க வேண்டாம்.

[திரையில்: கையில் பிடிச்சு எடுத்த ரெண்டு கிளிப், பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு ஆடுது, ஒண்ணு நிலையா இருக்கு.]

அடுத்தது ஸ்டெபிலைசேஷன். இங்கதான் நிறைய பேர் காசை விட்டுட்டு வந்து முழிக்கிறாங்க.

கை ஆடுறதைச் சமாளிக்க ரெண்டு வழி. ஒண்ணு, பாடிக்குள்ள சென்சாரே நகர்ந்து ஈடுகட்டும். இன்னொண்ணு, லென்ஸுக்குள்ள ஒரு கண்ணாடிக் கூட்டம் நகரும். சோனி, கேனான், ஃபூஜி மூணுலயும் பாடியிலேயே இருக்கு. நிக்கான் இசட்50 டூவுல பாடியில கிடையாது. "அப்போ நிக்கான் வேண்டாம்"னு உடனே தள்ளிடாதீங்க. கூட வர்ற 16-50 கிட் லென்ஸ்ல இருக்கு. கிட் லென்ஸோட அது நிலையாதான் எடுக்கும்.

சிக்கல் ரெண்டாவது லென்ஸ் வாங்கும்போது வரும். கல்யாண வீட்டுல வெளிச்சம் பத்தலைன்னு, சிக்மாங்கிற வெளிக் கம்பெனியோட 30 எம்எம் எஃப் 1.4 வாங்குறீங்கன்னு வைங்க. எம்எம் கூடினா தூரம் எட்டும், எஃப் எண் குறைஞ்சா வெளிச்சம் அதிகமா உள்ள வரும். அருமையான லென்ஸ், விலையும் கைக்கு அடங்கும். ஆனா அதுல ஸ்டெபிலைசேஷன் இல்லை. பாடியிலயும் இல்லை, லென்ஸ்லயும் இல்லை. கையில பிடிச்சு வீடியோ எடுத்தா, மூச்சு விடுறது வரைக்கும் ஃபிரேம்ல தெரியும். மென்பொருள் வழியா சரி பண்ற எலக்ட்ரானிக் மோடு ஒண்ணு இருக்கு, ஆனா அது படத்தோட ஓரத்தைத் தின்னுடும். அதே லென்ஸோட சோனி பதிப்பை ஏ6700-ல மாட்டுங்க, பாடி பாத்துக்கும். லென்ஸ் ஒண்ணுதான், ஜோடி மாறினதும் கதை மாறிடுச்சு. சோனியிலயே இசட்வி-இ10 டூ எடுக்கிறவங்களுக்கும் இதே பேச்சுதான். அதுலயும் பாடி ஸ்டெபிலைசேஷன் இல்லை.

இப்ப சிக்மா 18-50 எஃப் 2.8-ஐ எடுத்துக்குங்க. சோனி மவுண்ட்டுக்கு, அதாவது பாடியில லென்ஸ் மாட்டுற வளையத்துக்கு, 2021-ல வந்தது. எடை சுமார் 290 கிராம்தான். ஒரே லென்ஸை மாட்டிட்டு ஊர் சுத்தணும்னா நான் முதல்ல கை காட்டுறது இதைத்தான். இதுலயும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. ஆனா சோனி, கேனான், ஃபூஜி மூணுக்கும் இது கிடைக்குது, மூணு பாடியிலயும் அந்த வசதி இருக்கு, கணக்கு நேராயிடுது. நிக்கான் பக்கம் இந்த இடம் ரொம்ப நாள் காலியாவே கிடந்துச்சு. 2025-ல நிக்கானே 16-50 எஃப் 2.8 லென்ஸை, உள்ளயே ஸ்டெபிலைசேஷன் வெச்சு வெளியிட்டப்பதான் இசட்50 டூ வாங்கினவங்களுக்கு உருப்படியா ஒரு ஜூம் கிடைச்சுது. இசட்50 டூ எடுக்கிறதா இருந்தா, அந்த லென்ஸ் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.

ஒரு சின்ன விஷயம். ஸ்டெபிலைசேஷன் உங்க கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும். எதிர்ல ஓடுற குழந்தையை நிறுத்தாது. "ஸ்டெடியாதானே பிடிச்சேன், ஏன் முகம் கலங்கியிருக்கு?"ன்னா, ஷட்டர் வேகம் பத்தலைன்னு அர்த்தம். அங்க எஃப் 1.4 லென்ஸ்தான் உதவும்.

[திரையில்: ஒரே அறை, ஒரே இடத்துல இருந்து நாலு கேமராவுல எடுத்த 4கே 50 ஃபிரேம். ஒவ்வொண்ணுலயும் அகலம் வேற வேற.]

ஸ்லோ மோஷனுக்காக 4கே-ல வினாடிக்கு 50 இல்ல 60 ஃபிரேம் வெச்சா என்ன ஆகுதுன்னு பாருங்க. சோனியில சென்சாரோட முழு அகலமும் அப்படியே இருக்கும். 6கே அளவுக்குப் படிச்சு 4கே ஆக்குறதால கூர்மையும் குறையாது. ஃபூஜியில 1.18 மடங்கு கிராப், அதாவது ஓரம் வெட்டுப்பட்டு படம் கொஞ்சம் உள்ள வரும். நிக்கான்ல கிராப் 1.5 மடங்கு. கிராப் சென்சாருக்கு ஏற்கனவே ஒரு 1.5 உண்டு, அதுக்கு மேல இது இன்னொரு 1.5. 16 எம்எம் லென்ஸ் மாட்டியிருந்தா, ஃபுல் ஃபிரேம் கணக்குல 24 எம்எம்மா இருந்தது 36 ஆயிடும். புது வீடு கிரகப்பிரவேசத்துல, சின்ன பூஜை ரூமுக்குள்ள நின்னு எடுக்கிறப்போ இந்த வித்தியாசம் முதுகுல இடிக்கும். பின்னாடி போக சுவர் விடாது.

கேனான் ஆர்7 வேற வழியில போகுது. 60 ஃபிரேம்ல முழு அகலத்தையும் காட்டும், ஆனா சென்சார்ல எல்லா வரியையும் படிக்காது, நடுநடுவுல விட்டு விட்டுப் படிக்கும். மரம், வானம், முகம் எடுத்தா அவ்வளவா தெரியாது. பட்டுப்புடவையை எடுங்க. ஜரிகையில நெருக்கமா ஓடுற கோடு மேல, அங்க இல்லாத வேற ஒரு அலைக்கோடு வந்து நெளியும். பொண்ணு லேசா திரும்பினாலே அந்த அலை நிறம் மாறி ஓடும். எடிட்டிங்ல அதைச் சரி பண்றது பெரும்பாடு. அதே ஆர்7-ல 25 ஃபிரேமுக்கு வந்து ஃபைன் மோடு போட்டா, 7கே-ல இருந்து சுருக்கித் தரும். அந்தப் படம் அவ்வளவு சுத்தமா இருக்கும். முகூர்த்தம், புடவை குளோசப் எல்லாம் 25-ல எடுங்க. ஸ்லோ மோஷன் வேணும்னா பூ தூவுறதுக்கு வெச்சுக்கலாம்.

மெனுவுல பிஏஎல், என்டிஎஸ்சின்னு ஒரு தேர்வு இருக்கும், ஃபிரேம் 50 கணக்கா 60 கணக்கான்னு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பிஏஎல் வெச்சு 25 இல்ல 50 ஃபிரேம், ஷட்டர் 50-ல ஒண்ணு இல்ல 100-ல ஒண்ணு. மண்டபத்து லைட்ல படம் சிமிட்டுறது பெரும்பாலும் இதுலயே அடங்கிடும்.

[திரையில்: மீன்கொத்தி பறக்கும் படம். சிறகு ஒரு பக்கம் சாய்ஞ்சு வளைஞ்சிருக்கு.]

ஆர்7-ஐக் குறை சொல்லிட்டே இருக்கேன்னு நினைக்காதீங்க. வேடந்தாங்கல் பக்கம் போறவங்களுக்கு இந்த நாலுல நான் எடுத்துக் கொடுக்கிறது அதைத்தான். காரணம் லென்ஸ். ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம்தான், கழுத்துல தொங்கப் போட்டுட்டு காலை முழுக்க நிக்கலாம். கேனான் கிராப் 1.6 மடங்கு, அதனால 400 எம்எம் 640 ஆகுது. அதுக்கு மேல 32.5 மெகாபிக்சல்ல வெட்டிக்கலாம். கார்டு ஸ்லாட் ரெண்டு இருக்கிறதும் இந்த நாலுல இதுக்கு மட்டும்தான். கல்யாணம் எடுக்கிறவங்க அதைக் குறிச்சு வெச்சுக்குங்க. ஒரு கார்டு படுத்தாலும் தாலி கட்டினது இன்னொண்ணுல இருக்கும்.

பறவைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்7-ல எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா வினாடிக்கு 30 படம் வரும்னு பெட்டியில போட்டிருப்பாங்க. உண்மைதான். ஆனா சென்சார் மேல இருந்து கீழ வரி வரியா படிச்சு முடிக்கிறதுக்குள்ள சிறகு இடம் மாறிடுது. திரையில பாத்தீங்களே, அந்த வளைவு அப்படி வந்ததுதான். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்துங்க, 15 படம்தான் வரும், சிறகு நேரா இருக்கும். 15 தாராளம்.

சோனிக்காரங்களுக்கு இந்த இடத்துல 70-350 ஜி இருக்கு. 625 கிராம், ஃபுல் ஃபிரேம் கணக்குல 525 எம்எம் வரைக்கும் போகும். ஏ6700-ல பறவையோட கண்ணைப் பிடிக்கிற ஃபோகஸும் கெட்டி. எட்டுற தூரம்தான் கொஞ்சம் கம்மி.

[திரையில்: நாலு மவுண்ட்டும் நேருக்கு நேர். உள்ளே தெரியும் தங்க நிறப் புள்ளிகள்.]

இப்ப மவுண்ட். பாடியை மூணு நாலு வருஷத்துல மாத்திடுவீங்க. லென்ஸ் அப்படியில்ல, மருமகளா வீட்டுக்கு வந்தது, அது பாட்டுக்கு இருக்கும். அதனால எந்தக் கம்பெனி கதவை எவ்வளவு திறந்து வெச்சிருக்குன்னு பாக்கணும்.

சோனி இ மவுண்ட் 2010-ல வந்தது. அடுத்த வருஷமே, மத்த கம்பெனிங்களும் லென்ஸ் செய்யட்டும்னு அடிப்படை விவரத்தைக் கட்டணம் இல்லாம கொடுத்தாங்க. சிக்மா, டாம்ரான்னு இன்னைக்கு கடையில அடுக்கி வெச்சிருக்கிறதுக்கு அதுதான் தொடக்கம். செகண்ட் ஹேண்ட்லயும் இதுக்குத்தான் சரக்கு நிறைய.

கேனான் ஆர்எஃப் மவுண்ட் 2018. ஆட்டோஃபோகஸ் வேலை செய்ற வெளி லென்ஸுக்கு ரொம்ப நாள் கதவு சாத்தியே இருந்துச்சு. 2024 ஏப்ரல்லதான் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் வாங்கி லென்ஸ் விடப் போறதா அறிவிச்சாங்க. அதுவும் கிராப் சென்சாருக்கான லென்ஸ்தான். ஆர்7 வாங்குறவங்களுக்கு அதுல குறை இல்லை, இது கிராப் சென்சார்தானே. நாளைக்கு ஃபுல் ஃபிரேமுக்கு ஏறணும்னு மனசுல இருந்தா யோசிங்க. இன்னொரு பக்கம், கேனானோட பழைய இஎஃப் லென்ஸ் எல்லாம் அடாப்டர் போட்டா ஆட்டோஃபோகஸோட அப்படியே ஓடும். இஎஃப் வந்தது 1987. வீட்டுல பழைய 50 எம்எம்மோ 70-200-ஓ தூங்கிட்டு இருந்தா, ஆர்7-க்கு உங்க செலவு பாதிதான்.

நிக்கானுக்கும் எஃப்டிஇசட்னு அடாப்டர் உண்டு. ஆனா அதுக்குள்ள மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வெச்சிருக்கிறவங்க கையாலதான் ஃபோகஸ் பண்ணணும். லென்ஸுக்குள்ளயே மோட்டார் இருக்கிற ஏஎஃப்-எஸ் வகைன்னா பிரச்சினை இல்லை.

ஃபூஜிக்கு வேற ஒரு பலம். மத்தவங்க தங்களோட நல்ல லென்ஸை எல்லாம் ஃபுல் ஃபிரேமுக்கு ஒதுக்கி வெச்சுட்டு, கிராப் சென்சாருக்கு மிச்சம் மீதியைக் கொடுப்பாங்க. ஃபூஜிக்கு ஃபுல் ஃபிரேமே கிடையாது. எக்ஸ் மவுண்ட்டுக்கு ஃபூஜி செய்ற ஒவ்வொரு லென்ஸும் இந்த சென்சாருக்காகவே வரைஞ்சது. 56 எம்எம் எஃப் 1.2 வெச்சு ஒரு முகத்தை எடுத்துப் பாருங்க, நான் சொல்றது புரியும். எக்ஸ்-எஸ்20-ல 6.2கே ஓபன் கேட்டும் இருக்கு, அதாவது சென்சாரோட மொத்தப் பரப்பையும் வீடியோவா எடுக்கும். ஒரே கிளிப்புல இருந்து படுக்கை வாக்குல யூடியூபுக்கும், நிமிர்த்தி ரீல்ஸுக்கும் வெட்டிக்கலாம். படத்துல ஃபூஜி தர்ற நிறத்துக்காகவே அந்தப் பக்கம் போறவங்களும் இருக்காங்க, தப்பில்லை. ஓடுற ஆளைத் துரத்திப் பிடிக்கிற ஃபோகஸ்ல மட்டும் சோனிக்கும் கேனானுக்கும் ஒரு படி கீழதான்.

போர்ட்ரெய்ட்டுக்குப் பெருசா செலவு பண்ண வேண்டாம்னா சிக்மா 56 எஃப் 1.4 போதும். நாலு மவுண்ட்டுக்கும் கிடைக்குது. பின்னணி கரையுற அளவு ஃபுல் ஃபிரேம்ல 85 எம்எம் எஃப் 2 வெச்சதுக்குக் கிட்டத்தட்ட சமம்.

[திரையில்: ரெண்டு மெமரி கார்டு. வி30, வி90 எழுத்து தெரியுது.]

கார்டு விஷயத்துல, வேகமான வி90-தான் வேணும்னு கடைக்காரர் சொன்னா அப்படியே கேக்காதீங்க. 8 பிட் சேர்ந்தா ஒரு பைட், அதனால வினாடிக்கு 200 மெகாபிட்ல எடுக்கிற 4கே வீடியோ 25 மெகாபைட்தான். வி30 கார்டு 30 மெகாபைட்டுக்கு உத்தரவாதம் கொடுக்குது. ஏ6700-ல ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியா பதியுற ஆல்-இன்ட்ரா 600 மெகாபிட் மோடு போட்டாதான் 75 ஆகும், அப்பதான் வி90 வேணும். 200-ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. மிச்சமாகிற காசுல ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்க.

கடைசியா, கடையில நிக்கும்போது. ரொம்ப மலிவா சொல்றாங்கன்னா கம்பெனி வழியா வராத கிரே மார்க்கெட் சரக்கா இருக்கலாம், இந்தியா வாரண்டி இருக்காது. ஜப்பான் சந்தைக்கான சோனி பாடின்னா மெனுவே ஜப்பானிய மொழியில மட்டும்தான் வரும், மாத்த முடியாது. ஜிஎஸ்டி பில்லுல இருக்கிற சீரியல் நம்பரும், பாடிக்கு அடியில இருக்கிறதும், பெட்டி மேல இருக்கிறதும் மூணும் ஒண்ணான்னு பாருங்க. அப்புறம் நீங்க வாங்கப் போற அதே லென்ஸை மாட்டச் சொல்லி, உங்க கார்டைப் போட்டு, கடைக்குள்ளயே நடந்துகிட்டே 4கே 50-ல அஞ்சு நிமிஷம் எடுங்க. வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்ல பெருசாப் போட்டுப் பாத்துட்டு, மறுநாள் வந்து பணத்தைக் கட்டுங்க.