டபிள்யூ மேல கூரை எங்கப்பா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு எஞ்சின் கிடையாது, ரெண்டே ரெண்டு பித்தளைப் பெயர்ப்பலகைதான். வேல்ஸ் நாட்டு ரைடோல் பள்ளத்தாக்கு ரயில்வேயோட 7-ஆம் நம்பர் எஞ்சின் மாடலுக்கு, 1:76 அளவு. 9.50 பவுண்ட், தபால் தனி. கேமரா கிட்ட கொண்டு வரேன்... ஓவைன் கிளின்டூர். கடைசி டபிள்யூ மேல தொப்பிக்குறியை (^) காணோம்! வேல்ஸ் மொழியான வெல்ஷ்ல அதுக்குப் பேரே 'தோ பாக்', குட்டிக் கூரை. டபிள்யூ அங்க உயிரெழுத்து, கூரை போட்டா நெடில். 9.50 வாங்கிட்டு கூரையைக் கொடுக்கல!

ஏன் இப்படின்னா, பழைய ஃபான்ட் பலதுல கூரை வெச்ச டபிள்யூவே இருக்காது. டைப் பண்ணா கட்டம் வரும், உடனே வெறும் டபிள்யூவைப் போட்டுடுவாங்க. அதைக் கோடா வரைஞ்சு சேர்க்கணும். அதுலயும் ஒரு வில்லங்கம்: நிஜத்துல அரை அங்குலக் கோடு, இந்த அளவுல 0.17 மில்லிமீட்டர்தான். இந்தப் பலகையை ஆசிட்ல அரிச்சுத்தான் எழுத்து எடுக்கிறாங்க, அதுக்கும் மெல்லிசா வரைஞ்சா ஆசிட் பக்கவாட்டுல அரிச்சு கூரையைத் தின்னுடும்.

கையில இருக்கிற பலகையைச் சரிபண்ண 0.2 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும். நடுவுல மடிச்சு, கால் ரெண்டையும் 0.4-க்கு வெட்டுங்க. சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம், பளபளப்புல வெள்ளையா பூத்துடும். எபாக்ஸி, குண்டூசி முனையில ஒரு பொட்டு. ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன்: பின்னணி பெயின்ட் இதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், இல்லன்னா இடுக்கு அடைஞ்சுடும். ஒட்டுற இடத்துல மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைக் காட்டுங்க.

இதே லைன்ல 8-ஆம் நம்பர் லிவெலின். எல்-எல்-ஒய்-டபிள்யூ-இ-எல்-ஒய்-என். ஒய் இருக்கிற இடத்துல இ போடாதீங்க, பின்னாடி எல்லை ரெட்டிக்காதீங்க. வெல்ஷ்ல ரெட்டை எல் ஒரே எழுத்து: நாக்கை ல-வுக்கு வெச்சு, குரல் இல்லாம காத்தை மட்டும் பக்கவாட்டுல விடுங்க. டாலிலின்னு இன்னொரு வேல்ஸ் ரயில்வே, அந்தப் பேர்ல முதல்ல ஒத்தை எல், அப்புறம்தான் ரெட்டை. மாத்தி எழுதுறவங்க கணக்கில்ல.

இதைவிட எரிச்சல், 'திருத்தறவங்க'. பழைய பிரிட்டிஷ் ரயில் கம்பெனி கிரேட் வெஸ்டர்னோட காசில் வகுப்பு எஞ்சின்கள்ல 5004 லான்ஸ்டெஃபன் காசில், பலகையில பி-ஹெச். வெல்ஷ் முறையில ரெட்டை எஃப் வரணும், வாஸ்தவம். 4099 கில்கெரன்ல கே இருக்கு, வெல்ஷ் அரிச்சுவடியில கே-யே கிடையாது. இருந்தா என்ன? பலகையில இருக்கிறதுதான் கணக்கு. ஊர் மேப்பைப் பார்த்து எழுத்தை மாத்தாதீங்க, அந்த எஞ்சினோட போட்டோவைப் பாருங்க.

வேல்ஸ்ல இருக்கிற ஃபெஸ்டினியோக் ரயில்வேயோட ரெட்டைத் தலை எஞ்சின் (ரெண்டு முனையிலயும் முகப்பு இருக்கும்) மாடல் செய்றவங்களே, உங்களுக்கு இன்னொரு தலைவலி. 'ஏர்ல் ஆஃப் மெரியோனெத்' ஒரு பக்கம், அதே பேர் வெல்ஷ்ல 'யார்ல் மெய்ரியோனித்' மறுபக்கம். டேவிட் லாயிட் ஜார்ஜும் அப்படித்தான், மறுபக்கம் டாவித். ஒரே பேர்ல ரெண்டு பலகைன்னு ஆர்டர் போட்டுடாதீங்க. எந்தப் பக்கம் எதுன்னு போட்டோ பார்த்து எழுதிக் கொடுங்க.