எல்லையோர மண்ணுக்கு விலை வைப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம். வீடு, மனை, கடை ஆகியவற்றின் விலை கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரளத்தை ஒட்டிய நம் எல்லையோரப் பகுதியில் எப்படி உருவாகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அங்கே பழகிய கணக்குகளை வைத்தே பேசுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரையுள்ள சாலையோர ஊர்களில் ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். நிலத்தோடு சேர்த்து 60 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு விட்டால் மாதம் 10,000 ரூபாய் தேறும். ஆண்டுக்கு 1,20,000. போட்ட பணத்துக்கு வெறும் 2 சதவீதம். வீட்டு வரியும் வெள்ளையடிப்பும் ஓடு மாற்றுவதும் அதற்குள்தான். அதே பணத்தை வங்கியில் வைப்பு வைத்தால் 6 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைக்கும். இருந்தும் அந்த வீட்டுக்கு ஆள் வருகிறது. ஏன் வருகிறது என்று கேட்டால், நாளை விலை ஏறும் என்கிறார்கள். ஏறிய காலங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாடகை என்பது இங்கே வாழ்ந்து, இங்கே சம்பாதிக்கிற ஒரு குடும்பத்தால் கொடுக்க முடிந்த தொகை. விலைக்கும் வாடகைக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது என்றால், விலை இந்த ஊரின் வருமானத்திலிருந்து பிறக்கவில்லை என்று பொருள். வெளியிலிருந்து வருகிற பணமும் வெளியில் எடுக்கப்படுகிற முடிவுகளும்தான் நம் மண்ணுக்கு விலை வைக்கின்றன.

முதலில் வளைகுடாப் பணம். 1956இல் நம் நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு மாறியது; கொண்டான் கொடுத்தான் உறவு மாறவில்லை. எல்லைக்கு அப்பால் பாறசாலையில் பெண் எடுத்தவரும் நெய்யாற்றின்கரையில் பெண் கொடுத்தவரும் ஒரே விமானத்தில்தான் துபாய்க்குப் போனார்கள். அங்குள்ள நாணயமான திர்ஹாமின் மதிப்பு அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டது. டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால் திர்ஹாம் தானாக ஏறும். 2011 வாக்கில் ஒரு திர்ஹாம் 12 ரூபாய் சொச்சம். இப்போது 23 ரூபாயைத் தாண்டிவிட்டது. மாதம் 2,000 திர்ஹாம் வீட்டுக்கு அனுப்புகிறவருக்கு அங்கே ஒரு காசு சம்பளம் கூடாவிட்டாலும், 24,000 ரூபாயாக வந்துகொண்டிருந்தது 46,000 ரூபாய்க்கு மேலாக வந்து சேர்கிறது. பக்கத்து வீட்டில் தனியார் பள்ளி ஆசிரியை இருக்கிறார். அவருடைய சம்பளத்துக்கு அப்படி ஒரு ஏற்றம் கிடையாது. இருவரும் ஒரே ஐந்து சென்ட்டுக்கு விலை பேசினால் யாருக்கு முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்துக்கு 2023இல் வெளிநாடுகளிலிருந்து வந்த பணம் 2,16,893 கோடி ரூபாய் என்று அந்த ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு மதிப்பிட்டது. அந்த வெள்ளத்தின் ஒரு கரை நாம்.

அனுப்புகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது டிகிரி வெயிலில் நின்று சம்பாதித்த பணம் அது. அதைப் போட்டுவைக்க அவருக்குத் தெரிந்த, நம்பிக்கையான இடம் நிலம் ஒன்றுதான். அவருக்கு வேறு வழி சொல்லித்தர எங்களைப் போன்ற வங்கிக்காரர்கள் போதிய அக்கறை காட்டவில்லை என்பதே என் ஆதங்கம்.

அடுத்தது வட்டி. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. மும்பையில் எடுத்த அந்த முடிவு குழித்துறையில் ஒரு வீட்டின் கூரைக்குக் கீழே என்ன செய்தது என்று பாருங்கள். 6.5 சதவீத வட்டியில் 25 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு வாங்கியவரின் மாதத் தவணை ஏறத்தாழ 18,640 ரூபாய். வட்டி 9 சதவீதம் ஆனதும், அந்தக் கடனுக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 18,750 ரூபாய். அதாவது பழைய தவணையை மாதந்தவறாமல் கட்டினாலும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது, கடன் வளரும். தவணையை உயர்த்தாமல் ஆண்டுகளை மட்டும் நீட்டிக்கொண்டே போனதால், ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் கடன் ஓடுகிற நிலை பலருக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன்தாரரைக் கேட்டே செய்ய வேண்டும் என்றது. உங்கள் கிளையில் போய்க் கேளுங்கள். தவணையா, காலமா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. நிலையான வட்டிக்கு மாற்றித் தருவது மட்டும் 2025 அக்டோபர் முதல் வங்கியின் விருப்பம்.

2025இல் காற்று திரும்பியது. ரெப்போ படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. வட்டி குறைந்ததும் தவணையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். முடிந்தவர்கள் அதைச் செய்யாதீர்கள். 9 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 25 லட்சம் வாங்கியவரின் தவணை 22,493 ரூபாய். வட்டி 7.75 ஆன பிறகும் அதே தொகையைக் கட்டிவந்தால், 20 ஆண்டுக் கடன் ஏறத்தாழ பதினாறரை ஆண்டில் முடிந்துவிடும்.

ஆனால் வட்டி இறங்குவது வீடு வாங்கப்போகிறவருக்கு முழு நன்மை என்று நினைத்துவிட வேண்டாம். மாதம் அதே 22,493 ரூபாய் கட்ட முடிகிறவருக்கு, 7.75 சதவீதத்தில் வங்கி 27 லட்சத்து 40 ஆயிரம் வரை கொடுக்கும். கூடுதலாகக் கிடைக்கிற அந்த 2 லட்சத்து 40 ஆயிரம் எங்கே போகிறது? நிலத்தைப் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. வாங்க வருகிற எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் அதிகப் பணம் இருந்தால் விற்கிறவர் விலையைக் கூட்டுகிறார். கடன்காரர் கட்டுகிறார், நிலக்காரர் பெறுகிறார். இளம் தம்பதிகள் வங்கிக்கு வந்து "வட்டி குறைந்ததும் வாங்கலாம் என்று காத்திருந்தோம், இப்போது விலை எட்டவில்லை சார்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நிலம் ஏன் குறைவாக இருக்கிறது என்பதற்கும் காரணங்கள் உண்டு. கேரளம் 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வயலை நினைத்தபடி மேடாக்கி வீடு கட்ட முடியாது. தமிழகத்தில் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அத்தகைய மனைகளை முறைப்படுத்த 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அங்கே அந்தச் சட்டமும் இங்கே இந்தத் தடையும் சந்தைக்கு வரும் மனைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அங்கீகாரம் உள்ளவற்றின் விலையை ஏற்றின. ஆனாலும் இந்தக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்பவன் நான். ஏலாக்களை, அதாவது வயல்வெளிகளை, மண்ணடித்து மூடினால் சுற்றியுள்ள கிணறுகள் வற்றும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். அந்தச் செலவை எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லை.

ரப்பர் விளைகளின், அதாவது தோட்டங்களின், கதை வேறு. 2011இல் கிலோ 240 ரூபாய்வரை போன ரப்பர் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே வந்தது. பால் வெட்டும் கூலிக்கே கட்டாது என்ற நிலையில் மரத்தைக் கொடுத்துவிட்டு விளையை மனை போட்டவர்கள் உண்டு. விளையாக இருந்தபோது அதற்கு ஒரு வருமானம் இருந்தது, அந்த வருமானத்தை ஒட்டி ஒரு விலையும் இருந்தது. கல் நட்டுச் செம்மண் பாதை போட்ட மறுநாள் முதல் அது சென்ட் கணக்கில் விலை பேசப்படும் இடமாகிவிடுகிறது. பிறகு ரப்பர் விலை மீண்டாலும் அந்த மண் விளையாகத் திரும்புவதில்லை.

கட்டுமானச் செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களியக்காவிளை சோதனைச்சாவடியில் விடியற்காலை நின்று பார்த்தால், கல்லும் ஜல்லியும் எம்-சாண்ட் என்னும் செயற்கை மணலும் ஏற்றிய டாரஸ் லாரிகள் தார்ப்பாய் மூடி வரிசைகட்டி மேற்கே போவது தெரியும். திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கும் தமிழகக் கல் போனது. அங்கே கிடைக்கிற விலையே இங்கே வீடு கட்டுகிறவருக்கும் விலையாகிறது. கூலியும் அப்படித்தான். கட்டடத் தொழிலாளர் கூலியில் நாட்டிலேயே முன்னால் நிற்பது கேரளம். நாள் கூலி சராசரி 800 ரூபாய்க்கு மேல். நம் ஊர்க் கொத்தனார் பஸ் ஏறி அரைமணி நேரத்தில் அந்தக் கூலியைத் தொடலாம் என்னும்போது, இங்கே குறைத்துக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. 2025 செப்டம்பரில் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது ஓர் ஆறுதல். பத்திரப்பதிவுச் செலவில் எல்லைக்கு இருபுறமும் பெரிய வேறுபாடில்லை: இங்கே முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அங்கே 10. பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் இங்கே 1 சதவீதம் குறைவு. மனைவி பெயரில், மகள் பெயரில் எழுதுங்கள்.

இனி கடைகள். விழிஞ்ஞத்துக்கு 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல், அதாவது பெரிய சரக்குப் பெட்டிக் கப்பல், வந்தது. 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. கப்பல் வரும் முன்பே அதன் பெயரைச் சொல்லி நம் பக்கத்து நிலங்களுக்கு விலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கிடங்கு வரும், லாரி நிறுத்தம் வரும், ஹோட்டல் வரும் என்கிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள். விழிஞ்ஞம் முதன்மையாகச் சரக்குப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றும் துறைமுகம். அப்படி மாறுகிற பெட்டி சாலைக்கு வருவதில்லை. அது களியக்காவிளையில் ஒரு தேநீர்கூட விற்றுத் தராது. சாலையும் ரயிலும் இணைந்து, ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கு தரைவழியாக ஓடும் அளவைப் பொறுத்தே கிடங்குக்குத் தேவை வரும். அந்தத் தேவை வராமல் போகாது. ஆனால் பத்தாண்டு கழித்து வரக்கூடிய வாடகைக்கு இன்றே விலை கொடுப்பது என்றால், இடைப்பட்ட ஆண்டுகளின் வட்டியை யார் சுமப்பது என்று கணக்குப் போட வேண்டும். அச்சாரம் கொடுத்து அக்ரிமென்ட் எழுதி, பதிவு செய்யாமலே அடுத்தவருக்குக் கைமாற்றுகிறவர் சுமப்பதில்லை. கடைசியாகப் பத்திரம் பதிகிறவர்தான் சுமக்கிறார்.

சந்தையில் கடை வாடகையும் ஆட்டம் கண்டிருக்கிறது. திருவனந்தபுரத்தில் 2021 டிசம்பரில் பெரிய வணிக வளாகம் திறந்தபிறகு, ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் துணியெடுக்க அங்கே போகிற குடும்பங்கள் பெருகின. கைபேசியில் வாங்குவது இன்னொரு பக்கம். மார்த்தாண்டத்தில் 2018 முதல் மேம்பாலம் ஓடுகிறது. தூரம் போகிறவர் கடைகளின் தலைக்கு மேலே போய்விடுகிறார். அதனால் கடைக்கு இடம் பிடிக்கிறவர்களுக்கு என் யோசனை இது: வண்டி எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நிற்கிற ஆட்களைப் பாருங்கள். பஸ் நிறுத்தம், மருத்துவமனை வாசல், பரிசோதனைக்கூடம், பயிற்சி மையம் ஆகியவற்றின் அருகில் வாடகை தாங்குகிறது. ஆன்லைனில் வாங்க முடியாததை விற்கிற இடங்கள் அவை.

ஒத்தி பற்றி ஒரு வார்த்தை. நம் பகுதியில் வாடகைக்குப் பதிலாக மொத்தத் தொகை கொடுத்து ஒத்திக்கு வீடு பிடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. 5,000 ரூபாய் வாடகை பெறும் வீட்டை 6 லட்சத்துக்கு ஒத்திக்கு எடுத்தால், ஆண்டுக்கு 60,000 ரூபாய் மிச்சம். உங்கள் பணத்துக்கு 10 சதவீதம் கிடைப்பதுபோல. வங்கி தராத வட்டி. ஆனால் அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், கடன் வாராக்கடனாகும் நாளில் வங்கியின் உரிமைதான் முன்னால் நிற்கும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, இப்படி அனுபவ உரிமையோடு தரும் அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவைத்து, மகள் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை இழந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். வில்லங்கச் சான்று பார்க்காமல், பதிவு செய்யாமல் ஒத்திப் பணம் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

கடைசியாக, பூட்டிய வீடுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் ஏறத்தாழ 2 கோடியே 47 லட்சம் வீடுகள் காலியாக இருந்ததாகச் சொன்னது. கேரளத்தில் பத்து வீட்டுக்கு ஒன்று என்ற அளவில் ஆளில்லை. நம் பக்கமும் பார்க்கிறோம்: முன்பக்கம் தூண் வைத்த இரண்டு மாடி, சுற்றுச்சுவரில் பாசி, வாசலில் மாவிலை உதிர்ந்த குப்பை, மாலையில் வந்து ஒரு விளக்கைப் போட்டுவிட்டுப் போகும் காவல் பெரியவர். வளைகுடாவுக்குப் போன தலைமுறை திரும்பி வந்தது. குடும்பத்தை இங்கே வைத்துப் பணம் அனுப்பியது. இப்போது கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் படிக்கப் போகிற பிள்ளைகள் வீட்டை அடமானம் வைத்துப் பணத்தை வெளியே கொண்டுபோகிறார்கள். பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். வரும் ஆண்டுகளில் இந்தப் பெரிய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விற்பனைக்கு வரும். நாலாயிரம் சதுர அடி வீட்டை வாங்கக்கூடிய குடும்பமும், அதை முழுதாக வாடகைக்கு எடுக்கக்கூடிய குடும்பமும் இங்கே மிகக் குறைவு.

ஆகவே இந்த ஆண்டு வீடு கட்டத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாடிப்படியை வெளியே வையுங்கள். மேல்தளத்துக்குச் சமையலறையும் தனித் தண்ணீர்த் தொட்டியும் வரைபடத்திலேயே இருக்கட்டும், மின்சாரத்துக்குத் தனி மீட்டர் கேளுங்கள். தளம் போட்டபிறகு இவற்றைச் சேர்க்க ஆகும் செலவு மிக அதிகம். ஏற்கெனவே பெரிய வீடு கட்டிப் பூட்டி வைத்திருப்பவர்கள் அதை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட முடியுமா என்று ஒரு நல்ல பொறியாளரிடம் இந்த மழைக்காலத்துக்குள் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் வீடு தேடிக்கொண்டிருப்பார். வணக்கம்.