அழுத பிள்ளையும் அழாத தாயும்

(திருச்சிராப்பள்ளியில் தாய்ப்பால் வார நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேசி மைக்கைச் சூடாக்கி வைத்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முதல் வரிசையை அலங்கரிக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே (உங்களிடம் பிறகு வருகிறேன், எழுந்து போய்விடாதீர்கள்), கிராமச் சுகாதாரச் செவிலியர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, பிள்ளை அழுதால் சட்டென்று வெளியே போக வசதியாக வாசலோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். சால்வைக்கு நன்றி. ஆகஸ்ட் வெயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், தலைவர் தப்பாக நினைக்க வேண்டாம்.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது நம் பழமொழி. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை பாலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் பால் கொடுப்பவளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு பெண் தன்னைத் தாய் என்று உணர்வது எப்போது? அந்த உணர்வு எதனால் நிற்கிறது, எதனால் ஆட்டங்காண்கிறது? பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போன பிறகு அது என்ன ஆகிறது? இந்த மூன்று கேள்விகள்தான்.

பிரசவ வார்டில் பிள்ளையின் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். 'பேபி ஆஃப் செல்வி' என்று இருக்கும். பிள்ளைக்கு உலகத்தில் கிடைக்கிற முதல் பெயரே தாயின் பெயர்தான். வீட்டுக்கு வந்து பெயர் சூட்டியதும் கதை தலைகீழாகிவிடும். அன்றிலிருந்து செல்வி 'கவின் அம்மா'. பள்ளி வாசலில் கவின் அம்மா, ரேஷன் வரிசையில் கவின் அம்மா. பிள்ளையின் இனிஷியலோ அப்பாவுடையது. செல்வி என்ற பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

பிள்ளையைப் பார்த்த நொடியில் தாய்மை பொங்கிவிடும் என்று சினிமா சொல்லும். வார்டுச் செவிலியர்களைக் கேளுங்கள். பல பெண்கள் முதல் நாள் பிள்ளையைப் புது விருந்தாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். முதலில் விரல் நுனியால் தொடுவாள், பிறகு உள்ளங்கையால், அதன்பிறகுதான் கை முழுக்க அணைப்பாள். 1960களில் இதைக் கூர்ந்து பார்த்து எழுதியவர் ரேவா ரூபின் என்ற அமெரிக்கச் செவிலியர். அவர் வழியில் வந்த ரமோனா மெர்சர், தாய் என்ற உணர்வு உள்ளே படிந்து நிற்க ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும் என்றார். செவிலியர்களே, இரண்டு பேரும் உங்கள் தொழில்காரர்கள், அதற்காகவாவது கைதட்டலாம். அந்த நான்கு மாதத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். தெளியவில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் அது சோம்பலும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை, மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வு. அதைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. பத்தாவது கேள்வி தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மட்டும் 'ஆம்' என்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மொத்த மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கக் கூடாது.

தாய்மையைக் கை பழக்குகிறது. பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்களே காலை நீட்டிக் கிடத்திக் குளிப்பாட்டி, நீங்களே துடைத்து, பாலுக்கு மட்டும் அவளிடம் கொடுத்தால் அவள் வேடிக்கை பார்ப்பவளாகவே நின்றுவிடுவாள். முதல் வாரம் அவள் தண்ணீர் ஊற்றட்டும், முழங்கையை நனைத்துச் சூடு பார்க்கப் பழகட்டும். அடுத்த வாரம் துடைக்கட்டும், கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் ஈரம் தங்காமல். உடம்பு தேறியதும் பிள்ளை அவள் காலில், நீங்கள் பக்கத்தில். மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டும் இருவருமே விட்டுவிடுங்கள், அது நுரையீரலுக்குள் போகும்.

திருச்சியில் நின்றுகொண்டு தாய்மையைப் பேசிவிட்டு மலைமேல் இருப்பவரைச் சொல்லாமல் போனால் அவர் கோபித்துக்கொள்வார். ரத்னாவதிக்கு நிறைமாதம். கணவன் தனகுப்தன், வணிகன். (முதல் வரிசை கவனிக்கவும்.) பிரசவம் பார்க்க அவள் அம்மா காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கிளம்பிவிட்டாள். மூட்டையில் என்ன இருந்திருக்கும்? சுக்கு, மிளகு, திப்பிலி, பழஞ்சேலைத் துணி, நல்லெண்ணெய். ஆற்றங்கரைக்கு வந்தால் காவிரியில் வெள்ளம். ஓடமில்லை. அக்கரையில் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. அப்போது கதவு தட்டும் சத்தம். திறந்தால் அம்மா! அதே முகம், அதே மூட்டை. பிரசவம் பார்த்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள், மருந்து இடித்தாள், பத்தியம் வைத்தாள். வெள்ளம் வடிந்தது. மறுபடி கதவு தட்டும் சத்தம். திறந்தால் இன்னொரு அம்மா! உள்ளே இருந்த அம்மாவைத் தேடினால் காணோம். வந்தது சிவபெருமான். அன்றிலிருந்து அவர் தாயுமானவர். இன்றைக்கும் சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் கொண்டுபோய் வைக்கிறோம்.

இத்தனை நாளும் தனகுப்தன் எங்கே இருந்தான் என்று மட்டும் கதை சொல்வதில்லை. கடையில் இருந்திருப்பான்! (சிரிப்பு)

சிவபெருமான் எப்படித் தாயானார்? பெற்றதால் இல்லை. குளிப்பாட்டினார், மருந்து இடித்தார், ராத்திரி கண் விழித்தார். நம் அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய், இரண்டு பேருமே தாய். 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டம், தத்தெடுத்தவளுக்கும் 12 வாரம் விடுப்பு உண்டு, ஆனால் பிள்ளை மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியது. நான்கு மாதப் பிள்ளையைத் தூக்கியவள் தாயில்லையா?

இப்போது மலையிலிருந்து இறங்கி அடிவாரத்துக்கு வருவோம். என்.எஸ்.பி. சாலை, சின்னக்கடை வீதி, தெப்பக்குளம் சுற்றிலும் துணிக்கடை, நகைக்கடை. அங்கே நாள் முழுக்க நிற்கும் பெண்களில் எத்தனை பேர் பால் கொடுக்கும் தாய்மார்கள்? சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் விடுப்பு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவள் 80 நாளை எதைக் காட்டி நிரூபிப்பாள்? பதிவேட்டில் இருப்பவளும், 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்திருந்தால், பிள்ளைக்கு நான்கு மாதம் சொச்சம் ஆகும்போது திரும்ப வேண்டும். மெர்சர் சொன்ன அதே நான்கு மாதம். படிந்து நிற்கிற நேரத்தில் பிடுங்குகிறோம்.

என்ன நடக்கிறது? பதினோரு மணிக்கு மார்பு கனக்கும், ரவிக்கை நனையும். பீய்ச்ச இடமில்லை. கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சி அங்கேயே கொட்டுகிறாள். கொட்டாமல் அடக்கினால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். எடுக்காத பால் உடம்புக்குச் சொல்லும் செய்தி 'இனி வேண்டாம்' என்பதுதான், அதனால் சுரப்பு குறைகிறது. ராத்திரி பிள்ளை அழும்போது, 'எனக்குப் பால் பத்தவில்லை, நான் என்ன அம்மா?' என்கிறாள். இரண்டாவது கேள்விக்கு நான் காணும் பதில் இதுதான். குறை அவளிடம் இல்லை, ஒரு கதவும் தாழ்ப்பாளும் இல்லாததில் இருக்கிறது.

பீய்ச்சுவது கைவேலை. கையைக் கழுவி, கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும். தோல்மேல் தேய்த்தால் புண்ணாகும். இரு பக்கமும் மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம். கொதிநீரில் சுத்தம் செய்த மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்தால், 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம், குளிர்பெட்டிக்குள் (ஃப்ரிட்ஜில்) 4 நாள் தாங்கும். அடுப்பில் சுடவைக்கக் கூடாது, வெந்நீரில் பாத்திரத்தை வைத்தால் போதும். பாலாடைக் கிண்ணத்தில் புகட்டலாம். பாட்டில் வேண்டாம்.

இதற்கு எட்டுக்கு ஆறு அடியில் ஓர் அறை, உள்தாழ்ப்பாள், கை வைத்த நாற்காலி, தண்ணீர்க் குழாய், சின்னக் குளிர்பெட்டி. 2015-இல் தமிழ்நாடு அரசு, பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தது. 2021-இல் கடை ஊழியர்கள் எல்லோரும் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. குழந்தைக் காப்பகம் மட்டும் 50 பேர் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் கட்டாயம். உங்கள் கடைகள் பலவற்றில் இருபது பேர், முப்பது பேர். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கடைக்கும் கடமையில்லை, தெரு முழுக்கச் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் பெண்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே பொதுக் காப்பகம் வைத்துக்கொள்ளவும் காப்பகத்தைக் கட்டாயமாக்கிய சட்டமே இடம் தருகிறது. தெருவுக்கு ஒன்று போதும்.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்கிறோமே, செவிலியர்களைக் கேட்டால் அதுவே தப்பு என்பார்கள். அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே பிள்ளை தலையைத் திருப்பி வாயால் தேடும், கையைச் சப்பும். வீறிட்டு அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தாமல் காம்பைக் கவ்வவைக்க முடியாது. கடைப்பெண் அழவில்லை, அதனால் கேட்கவில்லை என்று முதலாளிகள் சொல்லக் கூடாது. அவள் நனைந்த ரவிக்கைமேல் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாளே, கையைச் சப்புவது அதுதான்.

தலைவர் மணியடித்துவிட்டார். மூன்றாவது கேள்வி அடுத்த ஆண்டுக்கு. வாசலில் வலப்பக்க மேஜையில் மனு இருக்கிறது. மூன்று கட்டம்தான்: எந்தத் தெரு, எத்தனை பேர் வேலை, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர் எத்தனை பேர். கடைப் பெயர் எழுத வேண்டாம், யாருக்கும் வேலை போகக் கூடாது. வணிகர் சங்கப் பெரியவர்களே, முதல் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். பேனா என்னிடமே இருக்கிறது.

வணக்கம்.