தொட்டபெட்டா ஏன் ஊசியானது? பாராவியூவில் கிரிட்டும் நேரமும்

(திரையில்: கறுப்புப் பின்னணி, நடுவில் மெல்லிய செங்குத்துக் கோடு.)

இது கற்பூர மரம் இல்லை, தொட்டபெட்டா. வானிலை மாடல், அதாவது மழையைக் கணக்கிடும் கணினி நிரல், நீலகிரிக்குத் தந்த எண்களை, எண்களை முப்பரிமாணப் படமாக்கும் பாராவியூ மென்பொருளில் குன்னூர் வீட்டில் உட்கார்ந்து முதன்முதலாகத் திறந்தபோது எனக்குக் கிடைத்த படம். ஃபைல் திறந்தது, எரர் ஒன்றும் வரவில்லை. மலையைத்தான் காணோம்.

கோளாறு அலகில். கிடைமட்டம் டிகிரியில் இருக்கிறது: தீர்க்கரேகை 76.7, அட்சரேகை 11.4. உயரம் மீட்டரில்: 2,637. பாராவியூவுக்கு இரண்டும் வெறும் எண்தான்; உயரம் ஆயிரக்கணக்கில், அகலம் ஒன்றிரண்டில், அதனால் மலை ஊசியானது. ஒரு டிகிரி ஏறக்குறைய 110 கிலோமீட்டர் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஃபைலை எழுதும்போதே இடங்களை மீட்டரில் அளக்கும் யுடிஎம் வரைபட முறைக்கு, அதில் நமக்குரிய 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றி, மூன்று அச்சையும் மீட்டரில் வைத்துவிடுங்கள். நெட்சிடிஎஃப் (வானிலைத் தரவு வழக்கமாக வரும் வடிவம்) ஃபைலை நேரடியாகத் திறப்பவர்கள் 'ஸ்பெரிக்கல் கோஆர்டினேட்ஸ்' டிக்கைப் பாருங்கள். அது இருந்தால் மலை பூமி உருண்டைமேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

(திரையில்: தேயிலைச் சரிவு, பக்கத்தில் சோலைக்காடு.)

சரி, கிரிட், அதாவது மாடல் கணக்குப் போடும் புள்ளிகளின் வலை. அதைச் சேமிக்க மூன்று வகை ஃபைல்கள். தேயிலைத் தோட்டத்தில் பத்தாவது வரிசை, ஏழாவது செடி என்றால் இடம் தெரிந்துவிடும். சோலையில் ஒவ்வொரு மரத்துக்கும் இடத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும். வி.டி.ஐ. ஃபைல் சமவெளித் தோட்டம்: தொடக்கப் புள்ளி, இடைவெளி, எண்ணிக்கை போதும். வி.டி.யு. சோலை: எல்லாப் புள்ளியின் இடமும், எது எதோடு சேருகிறது என்பதும் வேண்டும். நமக்குத் தேவை பெரும்பாலும் நடுவில் இருக்கும் வி.டி.எஸ்.; வரிசை உண்டு, ஆனால் சரிவோடு சேர்ந்து வளையும். பல வானிலை மாடல்களின் கிரிட் இந்த மாதிரிதான். அதை வி.டி.ஐ.யில் திணித்தால் மலை தோசையாகிவிடும்.

எண்களின் வரிசையிலும் கவனம் வேண்டும். பாராவியூவின் அடித்தளமான விடிகே-யில் முதலில் ஓடுவது எக்ஸ்; ஒரு வரிசையின் எக்ஸ் புள்ளிகள் எல்லாம் முடிந்த பிறகே ஒய் ஒரு படி நகரும். உங்கள் நிரல் ஒய்-ஐ முதலில் ஓடவிட்டு எழுதியிருந்தால் அச்சுகள் இடம் மாறிவிடும். மேட்டுப்பாளையத்து மதிப்புகள் கூடலூர் பக்கம் போய் உட்காரும். இரண்டு பக்கமும் புள்ளி எண்ணிக்கை சமமாக இருந்தால் எரர்கூட வராது. அதனால் மழையை விட்டுவிட்டு, முதலில் நிலத்தின் உயரத்தை மட்டும் ஏற்றி, தெரிந்த இடங்களைத் தேடிப் பாருங்கள்.

(திரையில்: நேர ஸ்லைடர்.)

இனி நேரம். மழை_000, மழை_001 என்று எண் போட்ட ஃபைல்களை பாராவியூ தானே ஒரே தொகுப்பாக்கிக் காட்டும். ஆனால் அதன் நேரம் 0, 1, 2 என்றுதான் ஓடும். உண்மையான நேரம் வேண்டுமென்றால் ஃபைல்களைப் பட்டியலிடும் ஒரு சின்ன பி.வி.டி. ஃபைலில் ஒவ்வொரு ஃபைலுக்கும் நேரத்தை எழுதுங்கள். வண்ண அளவையும் எல்லா நேரப்படிகளுக்கும் சேர்த்து ஒருமுறை நிர்ணயித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணியின் சிவப்பும் இன்னொரு மணியின் சிவப்பும் வேறு வேறு மழையாகிவிடும்.

நான் ஒரு வாரம் மாடலைத் திட்டித் தீர்த்தது இங்கேதான். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். என் படத்தில் அந்தத் தேதிக்கு வேறு எண். அப்புறம்தான் உறைத்தது: நம் வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30-க்கு முடிகிறது. 8-ஆம் தேதிக் கணக்கு, 7-ஆம் தேதி காலை 8:30-இல் தொடங்கியது. மாடலோ உலகப் பொது நேரத்தில், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. 8-ஆம் தேதி என்று நான் கூட்டியதில் அவலாஞ்சிக் கணக்கோடு பொதுவாக இருந்தது மூன்றே மணி நேரம்.

இப்போது 7-ஆம் தேதி காலை 8:30-ஐ பூஜ்ஜியமாக வைத்து பி.வி.டி. எழுதுகிறேன். மாடல் மழையைத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே போவதால், 24-ஆவது மணியின் மதிப்பிலிருந்து பூஜ்ஜிய மணியின் மதிப்பைக் கழித்து, அதை அவலாஞ்சியின் 82 சென்டிமீட்டரோடு ஒப்பிடுகிறேன்.